தண்ணீர் அசையவில்லை

"தாங்கள் குறிப்பிட்ட ஞாயிறு பிற்பகலில் எங்கள் கருவியில் நில அதிர்ச்சி எதுவும் பதிவாகவில்லை. நகரத்தின் பிற பகுதிகளிலிருந்தும் இது பற்றி எவரும் எழுதவில்லை. தங்கள் அக்கறைக்கு நன்றி."

1944ஆம் வருஷம் மார்ச் மாதம், ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தின் நடுவில், வானிலை ஆபீசிலிருந்து எனக்கு வந்த பதில் இது. மூலம் ஆங்கிலம், தமிழ் என்னுடையது. என் நோயைப் பற்றி எழுதப்பட்ட முதல் ஆவணம் இதுதான். எழுதிய குமாஸ்தாவுக்கும் அது தெரியாது. வாங்கிப் படித்த எனக்கும் அப்போது தெரியாது.

நான் சாந்தோமில் எங்கள் கோயில் பள்ளிக்கூடத்தில் சரித்திரமும் பூகோளமும் நடத்துகிறவன். பெயர் சவரிமுத்து. ஓய்வு நேரத்தில் எங்கள் பங்கின் (கோயிலைச் சேர்ந்த வட்டாரத்தின்) பழைய செய்திகளைச் சேகரித்து வருகிறேன். கல்லறைக் கற்களில் உள்ள தேதிகள், எந்தப் புயலில் எந்த மரம் சாய்ந்தது, எந்த வருஷம் கடல் மணலைத் தாண்டித் தெருவுக்குள் வந்தது, இப்படி. யாரும் கேட்டதில்லை, பழகிவிட்டது. அந்த வேலையில் எனக்கென்று ஒரு விதி உண்டு. ஒருவர் மட்டும் சொல்லும் செய்தியை நான் ஏற்றுக்கொள்வதில்லை. தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளாத இரண்டு பேர் அதைச் சொல்ல வேண்டும்.

பிற்பாடு என்னைப் படுத்தி எடுத்தது அந்த விதிதான். உங்களில் யாருக்காவது, வெளியே எதுவும் தெரியாமல் உடம்புக்குள் மட்டும் ஓர் அதிர்வு ஓடிக்கொண்டிருந்தால், இதை உங்களுக்காக எழுதுகிறேன். மருந்தின் பெயரை எதிர்பார்த்துப் படிக்க வேண்டாம். அது என்னிடம் இல்லை.

தபசு தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்திய ஞாயிறு. பூசை முடிந்து, சாப்பிட்டு, கூடத்துத் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். கண் அயரும் நேரத்தில் தரை அதிர்ந்தது. அடுத்த வீட்டில் பெரிய என்ஜின் ஒன்று ஓடினால் நம் வீட்டுத் தரையில் எப்படித் தெரியுமோ, அப்படி மெல்லிய, விடாத நடுக்கம். யுத்த காலம். கடற்கரைச் சாலையில் ராணுவ லாரிகள் போவதும் வருவதுமாக இருக்கும். ஆனால் லாரி என்றால் வரும், போகும். இது போகவில்லை.

எழுந்து உட்கார்ந்தேன். என் மனைவி செசிலி அடுக்களையில் இருந்தாள்.

"செசிலி, பூமி ஆடுதா?"

"எங்க ஆடுது? நான் பாத்திரம் தேச்சிக்கினு கீறேன். ஆடியிருந்தா இந்த அடுக்கு என் தலையிலதான் விழுந்திருக்கும்."

தெருவுக்கு ஓடினேன். எதிர்வீட்டுக்காரர் வாசலில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சோப்பு நுரையோடு என்னைப் பார்த்தார்.

"இன்னா வாத்தியாரே, ஜப்பான்காரன் வந்துட்டானா?"

நான் அவருடைய கையைப் பார்த்தேன். சவரக்கத்தி கன்னத்தில் ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது.

அன்று மாலையே வானிலை ஆபீசுக்கு எழுதினேன். தொடங்கிய நேரம், நீடித்த நேரம், திசை எல்லாம் குறித்தேன். வடக்கிலிருந்து தெற்கு என்று திசை போட்டேன். அதிர்வு தலையிலிருந்து காலுக்கு ஓடியது. நான் வடக்கே தலை வைத்துப் படுத்திருந்தேன். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஒரு மனிதன் தன் வியாதியைப் பூகம்பம் என்று அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டது எங்கள் பங்கின் சரித்திரத்தில் இதுவே முதல் தடவையாக இருக்கும்.

பதில் வந்த நாளில் அதிர்வு மறுபடி வந்தது. அதற்குள் அது பல தடவை வந்து போயிருந்தது. இம்முறை நான் தயாராக இருந்தேன். ஒரு வெண்கலக் கிண்ணத்தில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, பாய்க்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டுப் படுத்தேன். தலையைத் திருப்பினால் தண்ணீரின் மேற்பரப்பு கண்ணுக்கு நேராக இருக்கும். அதில் ஜன்னல் தெரிந்தது. ஜன்னலின் கம்பிகள்கூடத் தெரிந்தன.

என் முதுகின் கீழே தரை உறுமிக்கொண்டிருந்தது. தண்ணீரில் கம்பிகள் நேராக நின்றன.

கிண்ணத்தை நகர்த்தி மார்பின் மேல் வைத்துக்கொண்டேன். மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கியது, அவ்வளவுதான். அதிர்வு தரையில் இல்லை, என்னிடம் இருக்கிறது என்று அப்போது தெரிந்தது. என்னிடம் இருக்கிறது என்பதற்கோ என்னைத் தவிர சாட்சி இல்லை.

செசிலியைக் கூப்பிட்டு முதுகில் கை வைக்கச் சொன்னேன். அவள் ஈரக்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்து, வைத்து, நன்றாகத் தெரிய வேண்டும் என்று கண்ணையும் மூடிக்கொண்டாள்.

"இல்லீங்க. ஒண்ணும் தெரியல."

செசிலியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவளுக்கு ஒப்புக்குச் சொல்ல வராது. பிறந்த குழந்தையைக் காட்டி யார் ஜாடை என்று கேட்டால் உள்ளதைச் சொல்லி உறவை முறித்துக்கொள்கிறவள். ஆகையால் அவள் இல்லை என்றால் இல்லைதான்.

எங்களோடு இருந்த என் தம்பி அருளப்பன் டிராம் கண்டக்டர். அவனும் கை வைத்துப் பார்த்தான்.

"அண்ணே, இதுக்குப் போயா லெட்டர் போட்டே? நான் காலைல டிராம்ல ஏறினா சாயங்காலம் இறங்கறேன். வூட்டுக்கு வந்து படுத்தா கட்டிலே லஸ்ஸுக்குப் போய்க்கினு கீது. நான் யாருக்குனா லெட்டர் போட்டேனா?"

"உனக்கு எப்ப நிக்கும்?"

"சோறு துன்னா நின்னுடும். நீயும் துன்னுட்டுப் படு."

அவன் சொன்னதில் ஏதோ இருக்கலாம் என்று டிராமில் ஏறுவதை நிறுத்தினேன். எங்கும் நடந்தே போனேன். காப்பியை விட்டேன். பாயை விட்டுக் கட்டிலுக்கும், கட்டிலை விட்டு நாற்காலிக்கும் மாறினேன். எதுவும் மாறவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை வரும். சில வேளை அரை நாள் இருக்கும். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனால் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் உட்கார்ந்து அது கிளம்பக் காத்திருப்பவன்போல எந்நேரமும் இருந்தேன். வண்டி கிளம்பவும் இல்லை, என்னை இறக்கிவிடவும் இல்லை.

ஈஸ்டர் முடிந்ததும் லஸ் மூலையில் டாக்டர் சேஷாத்ரியிடம் போனேன். எங்கள் பள்ளி உபாத்தியாயர்கள் பலரும் அவரிடம்தான் காட்டுவார்கள். கையை நீட்டி விரல்களைப் பிரிக்கச் சொல்லி, மேலே ஒரு காகிதத்தை வைத்தார். நடுக்கம் இருந்தால் காகிதம் காட்டிக்கொடுத்துவிடுமாம். தைராய்டு (குரல்வளையின் இரு பக்கமும் உள்ள சுரப்பி, மிகுதியாகச் சுரந்தால் உடல் நடுங்கும்) கெட்டிருக்கிறதா என்று கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"காகிதம் ஆடலையே ஸார்."

"வெளியே ஆடவில்லை டாக்டர். உள்ளே ஆடுகிறது."

"உள்ளேன்னா எங்கே? வயித்துலயா, நெஞ்சுலயா?"

"எலும்புக்கும் உள்ளே."

"எலும்புக்குள்ளே எட்டிப் பார்க்க எங்கிட்ட ஜன்னல் இல்லையே ஓய். காப்பி எவ்வளவு சாப்பிடறேள்?"

"நிறுத்திவிட்டேன். அதற்கு முன்பும் யுத்தக் காப்பிதான், புளியங்கொட்டைத் தூள் கலந்தது."

"அப்போ காப்பி மேல பழி போட முடியாது." சிரித்துவிட்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்கப்படாது. கல்யாணத்துக்கு முன்னாடியோ பின்னாடியோ, வெளியில சகவாசம் ஏதாவது உண்டா?"

எனக்கு முகம் சுட்டது. இல்லை என்றேன். எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்று ஆறுதலாகச் சொல்லி, தியாகராய நகரில் ஒரு பரிசோதனைச் சாலைக்கு எழுதிக் கொடுத்தார். மேகநோய் (தகாத சேர்க்கையால் வந்து, வருஷங்கள் கழித்து நரம்பையும் தாக்கும் நோய்) இருக்கிறதா என்று இரத்தத்தில் பார்ப்பதற்கு. தூக்கத்துக்குப் புரோமைடு (நரம்பை மந்தப்படுத்தும் உப்பு மருந்து) கலந்த ஒரு சீசாவும் கொடுத்தார். அது நாக்கை மந்தப்படுத்தியது. அதிர்வை ஒன்றும் செய்யவில்லை.

எதற்கு இரத்தம் என்று செசிலி கேட்டாள். சொன்னேன்.

"போய்க் குடுத்துட்டு வாங்க. எனக்கும் தெரிஞ்சமாதிரி இருக்கும்."

முடிவு வருவதற்குள் அவள் அதிகம் பேசவில்லை. நோய் இல்லை என்று சீட்டு வந்த அன்று, வஞ்சிரம் வாங்கிவரச் சொன்னாள்.

அந்தக் கோடை விடுமுறையை நான் நடந்தே கழித்தேன். வீட்டில் இருக்க முடியவில்லை. உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் எதிலாவது சாய வேண்டும். கோயில் தூணில், கடைச் சுவரில், நிற்கும் மாட்டு வண்டியில் உள்ளங்கையை வைத்து, அது அதிர்கிறதா நான் அதிர்கிறேனா என்று பார்ப்பேன். ஒருநாள் அடையாற்றுப் பாலத்தின் நடுவில் நின்றேன். ராணுவ லாரிகள் வரிசையாகக் கடந்தன. பாலம் முழுவதும் அதிர்ந்தது. கைப்பிடிச் சுவர் என் விலாவில் உறுமியது. அப்போது, பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவையாக, என் தோள்கள் தாமாகத் தளர்ந்தன. என்னைச் சுற்றியிருந்த எல்லாம் என்னைப்போலவே இருந்தது. லாரிகள் போன பிறகும் அங்கேயே நின்று அடுத்த வரிசைக்காகக் காத்திருந்தேன். பிறகு தினமும் போனேன். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஒரு நாள் அருகில் வந்து, ஆற்றில் விழுகிற உத்தேசம் இருந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி மரியாதையாகச் சொன்னார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. ஒரு பிற்பகல், பூகோள வகுப்பில் பருவக்காற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது அதிர்வு வந்தது. மேஜையில் கை வைத்தேன். மேஜை அதிர்வதாகத் தோன்றியது. இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தேன். பையன்களைப் பார்த்து, "எல்லாரும் பெஞ்சில் கை வையுங்கள். அதிர்கிறதா?" என்றேன்.

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கை வைத்தார்கள். பிறகு முதல் வரிசையில் ஒருவன், "ஆமா சார்!" என்றான். உடனே வகுப்பு முழுவதும், "ஆமா சார், ஆடுது சார், ஐயோ சார்!" என்று கத்தியது. கடைசி வரிசை பெஞ்சோடு குதித்தது. இரண்டாவது சாட்சி கிடைக்காமல் அலைந்த எனக்கு ஒரே நேரத்தில் ஒரு வகுப்பு சாட்சி கிடைத்தது. அதில் ஒருவன்கூடப் பயன்பட மாட்டான்.

மறுநாள் தலைமையாசிரியரான லூயிஸ் சாமியார் கூப்பிட்டனுப்பினார்.

"உக்காரு சவரிமுத்து. பசங்க உனக்கு இன்னா பேரு வச்சிருக்கானுங்க தெரியுமா?"

"தெரியும் சாமி. பூகம்பம்."

"எனக்கு வச்ச பேரு அதைவிட மோசம். அது கிடக்கட்டும். நேத்து சாயங்காலம் ரெண்டு தகப்பன்மாருங்க வந்து கேட்டுட்டுப் போனாங்க, வாத்தியாருக்குக் கீழ்ப்பாக்கத்துல எடம் பார்க்கணுமான்னு." அவர் சிரிக்கவில்லை. "பெரியாஸ்பத்திரிக்குப் போ. புத்தியில ஒண்ணும் இல்லைன்னு ஒரு சீட்டு வாங்கினு வா. அது வர்ற வரைக்கும் வகுப்பு வாணாம்."

கீழ்ப்பாக்கம் என்றால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று சென்னையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பல காலைகள் காத்திருந்த பிறகு, ஜூலையில் பெரிய டாக்டர் பார்த்தார். கூட மாணவர்கள் நின்றார்கள். சின்னச் சுத்தியால் முழங்காலுக்குக் கீழே தட்டினார் (கால் தானாக உதறிக்கொண்டால் அந்த வழி நரம்பு சரியாக இருக்கிறது என்று பொருள்). கண்ணை மூடி நிற்கச் சொன்னார். மூக்கைத் தொடச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது.

பிறகு இரண்டு கிளையுள்ள இரும்புக் கவை ஒன்றை எடுத்தார். அதைத் தட்டினால் ரீங்காரமிடும். அடிப்பகுதியைக் கணுக்கால் எலும்பில் வைத்தால் அதிர்வு தெரியும். நரம்பு கெட்டவருக்கு அது தெரியாதாம்.

"கண்ணை மூடிக்குங்க. அதிர்வு தெரியுதா?"

"தெரிகிறது ஸார்."

"எப்ப நிக்குதோ அப்பச் சொல்லணும்."

நான் காத்திருந்தேன்.

"நின்னுச்சா?"

"இல்லை."

"இப்போ?"

"இல்லை ஸார். இருக்கிறது."

"நல்லாக் கவனிச்சுச் சொல்லுங்க. இன்னும் இருக்கா?"

"இருக்கிறது."

ஒரு மாணவன் அடக்கிய சிரிப்பு கேட்டுக் கண்ணைத் திறந்தேன். டாக்டர் என்னிடமிருந்து இரண்டு எட்டு தள்ளி நின்றிருந்தார். கவை அவருடைய கோட்டுப் பையில் இருந்தது.

நான் பொய் சொல்லவில்லை. அவர் கேட்டது கவையின் அதிர்வை. எனக்குத் தெரிந்தது என்னுடையது. ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கிய இடம் எனக்குத் தெரியவில்லை. இதை விளக்க வாயெடுத்தேன். அவர் அதற்குள் மாணவர்கள் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் பேசத் தொடங்கிவிட்டார். 'ஃபங்ஷனல்' (உறுப்பில் பழுதில்லை, அது நடக்கும் விதத்தில்தான் கோளாறு; அதாவது, கோளாறு மனத்தில் என்று அர்த்தம்) என்ற சொல் காதில் விழுந்தது. கடைசியில் அவர் என்னிடம் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. தோளில் தட்டி, "நிறையப் படிப்பீங்களோ?" என்றார். ஆமாம் என்றேன். "கொஞ்சம் குறைங்க" என்றார்.

சீட்டில் 'நியூராஸ்தீனியா (நரம்பு அயர்ச்சி என்று அக்காலத்தில் சொல்லப்பட்டது), ஓய்வு தேவை' என்று இருந்தது. லூயிஸ் சாமியார் அதை இரண்டு தடவை படித்தார்.

"புத்தி சரியா இருக்குன்னு எங்க போட்டிருக்கு?"

"போடவில்லை சாமி."

"கிறிஸ்மஸ் வரைக்கும் ஓய்வு எடு. அப்புறம் பேசிக்கலாம்."

அவர் குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அப்புறம் பேசுவது என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது.

அதற்குப் பின் வந்த மாதங்களே மிக மோசமானவை. அதுவரை நான் மற்றவர்களைச் சந்தேகித்திருந்தேன்: அவர்களுக்குக் கை மரத்திருக்கிறது, கருவி போதாது என்று. இப்போது முறை மாறியது. கல்லறையில் ஒரு தேதி ஒருவிதமாகவும், ஞானஸ்நானப் பதிவில் வேறுவிதமாகவும் இருந்தால் நான் எதைத் தள்ளுவேனோ, அந்த இடத்தில் நானே இருந்தேன். ஒருவன் ஒன்றைச் சொல்கிறான். கிண்ணத்துத் தண்ணீர், காகிதம், கவை, மனைவி, தம்பி எல்லாரும் இல்லை என்கிறார்கள். இது எங்கள் பங்கைப் பற்றிய செய்தியாக இருந்தால் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் தள்ளியிருப்பேன்.

தள்ளவும் முடியவில்லை. அது ஓடிக்கொண்டே இருந்தது.

செசிலியைக் கேட்பது வெறியாகிவிட்டது. சமைக்கும்போது, ஜெபமாலை சொல்லி முடிக்கும்போது, அவள் கிறிஸ்மஸுக்காகத் தைக்கும்போது. அந்த வருஷம் பூசைக்கு உதவும் பீடச் சிறுவர்களுக்கான வெள்ளை அங்கிகளைத் தைக்கும் வேலையைக் கோயிலில் அவளிடம் கொடுத்திருந்தார்கள். நாள் முழுவதும் கால் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பாள். நான் போய் முதுகைக் காட்டி நின்றால் நிறுத்துவாள், கை வைப்பாள், கண் மூடுவாள். "இல்லீங்க" என்பாள். மறுபடி மிதிப்பாள்.

ஒருநாள் அருளப்பன் பார்த்துவிட்டான். "அண்ணி, ஒரு தடவை ஆமான்னுதான் சொல்லித் தொலையேன். மனுசன் தூங்கட்டும்."

"இல்லாதத எப்படிடா சொல்றது?"

அதைக் கேட்ட பிறகு நான் அவளிடம் கேட்பதை நிறுத்தினேன். இல்லாதது என்று அவள் சொன்ன விதத்தில் கோபமோ கேலியோ கிடையாது. அந்தச் சொல்லோடு சண்டைபோட என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

நவம்பர் முடிவில் ஒரு மழைப் பிற்பகல். அதிர்வு வந்திருந்தது. தைக்கும் மிஷினுக்கு அருகில் பாய் போட்டுக் குப்புறப் படுத்திருந்தேன். மிஷின் ஓடும்போது தரை உண்மையாகவே கொஞ்சம் அதிரும். பாலத்தில் கிடைத்த நிம்மதியில் ஒரு சிறு பங்கு அங்கே கிடைத்தது. மிஷின் நின்றது. நூல் அறுந்திருக்கும் என்று நினைத்தேன். செசிலி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நான் கேட்காமலே, முதுகில் கை வைத்தாள்.

அவள் வழக்கத்தைவிட அதிக நேரம் கையை எடுக்கவில்லை.

"ஏங்க. இருக்குது."

நான் திரும்பவில்லை. "எங்கே?"

"இங்க, தண்டுக்கு இந்தப் பக்கம். மேல இல்ல, அடியில. பூனைய மடியில வச்சா உர்ர்னு ஒண்ணு வருமே, அந்த மாதிரி. பூனைக்கு விட்டு விட்டு வரும். இது வுடாம வருது."

பூனை என்ற உவமை எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. நான் என்ஜின் என்றும் மாவு மில் என்றும்தான் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். அவள் வேறு சொல்லில் அதையே சொன்னாள். ஒருவரோடு ஒருவர் பேசி வைத்துக்கொள்ளாத இரண்டு பேர்.

அன்று விளக்கு வைக்கும் நேரம்வரை தூங்கினேன். எழுந்தபோதும் அதிர்வு இருந்தது. எழுந்து ஓடத் தோன்றவில்லை. முகம் கழுவிவிட்டு, வெட்டிப் போட்டிருந்த துணித் துண்டுகளைப் பொறுக்கி ஒரு பக்கம் வைத்தேன்.

கிறிஸ்மஸ் முடிந்து லூயிஸ் சாமியாரிடம் போனேன்.

"இப்ப ஆடுதா?"

"ஆடுகிறது சாமி."

"ஆடுதான்னு பசங்களக் கேப்பியா?"

"கேட்க மாட்டேன்."

"போய்ப் பாடத்த நடத்து. விட்ட பாடம் மலை மாதிரிக் கீது."

குணமானதா என்று கேட்பீர்கள். இதை எழுதும் 1949இல் அது பழைய வேகத்தில் வருவதில்லை; சில மாதங்கள் வராமலும் இருக்கிறது. எந்த மருந்தால் என்று சொல்ல முடியாது. டாக்டர் சேஷாத்ரி புரோமைடு என்கிறார். அருளப்பன் சோறு என்கிறான். காரணமும் தெரியாது. தெரிந்ததாகச் சொன்னவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1945இன் தபசு காலத்தில், செசிலி கோயிலுக்குப் போயிருந்தபோது, கிழிந்த தலையணை உறை ஒன்றை நானே தைக்கலாம் என்று மிஷினில் உட்கார்ந்தேன். பழக்கமில்லாததால் தப்பும் தவறுமாக நெடுநேரம் மிதித்தேன். முடித்துவிட்டு எழுந்து, தள்ளாடி, சுவரில் கை ஊன்றினேன். சுவர் உர்ர் என்றது. நான் கையை எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கைதான் உறுமியது, மிஷினைத் தொட்டிருந்த கை. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது.

செசிலி வந்ததும் சொன்னேன். முக்காட்டைக்கூட எடுக்காமல் நின்று கேட்டாள்.

"அப்போ என் கைதான் ஆடுச்சுன்றீங்களா?"

"இருக்கலாம் என்கிறேன்."

"அதுக்கு முன்னாடியும் மிஷின நிறுத்திட்டுத்தான் கை வச்சேன். தெனமும் வச்சேன். அப்பல்லாம் இல்லன்னுதானே சொன்னேன்?"

அது சரியான கேள்வி. ஒரு குறுக்கு விசாரணையில் சாட்சியே வக்கீலை மடக்கியதுபோல இருந்தது. அதனால்தான் அடுத்ததைக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"நான் தூங்க வேண்டும் என்பதற்காகச் சொன்னாயா?"

அவள் முக்காட்டை எடுத்து மடித்து, ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

"பாவசங்கீர்த்தனத்துல சாமியார் கேட்டா சொல்லுவேன். நீங்க சாமியாரா?"

அடுக்களைக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அவளும் பேச்சை எடுக்கவில்லை. இப்போதும் சில பிற்பகல்களில், கேட்காமலே வந்து முதுகில் கை வைப்பாள். இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்வதில்லை. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, வேலையைப் பார்க்கப் போவாள்.

உடம்பைப் பற்றி நான் கற்றது கொஞ்சம்தான். முன்பு அது இருப்பதே தெரியாமல் இருந்தது. இப்போதும் சில வேளை அதை மறந்திருக்கிறேன்; மறந்திருந்தது பிற்பாடுதான் தெரிகிறது. எல்லாவற்றுக்கும் தேதி போட்டுப் பழகிய எனக்கு இதில் ஒரு பாதிதான் வாய்த்தது. அது தொடங்கும் நாளையெல்லாம் குறிக்க முடிகிறது. நிற்கும் நாளைக் குறிக்க முடியவில்லை. ஏதோ ஒரு வேலையின் நடுவில், நின்று நெடுநேரமாயிற்று என்று தெரியவரும். அது எப்போது என்று சொல்ல நான் அங்கே இருந்ததில்லை. உங்களுக்கும் அப்படித்தான் நிற்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நிற்காது.

1944 நவம்பரில் ஒரு மழைப் பிற்பகலில், சாந்தோமில் எங்கள் வீட்டுக் கூடத்தில், என் உடம்புக்குள் ஓடிய அதிர்வை இன்னொருவரின் கை உணர்ந்தது. இந்தச் செய்தி இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.